நல்லேருக்கு ஓர் இரவல் குரல்

ஏர் பிடிக்கத் தெரியாத நான் ஒன்பது சித்திரை நல்லேர் பிடித்திருக்கிறேன். ஏர் பிடிக்கத் தெரிந்த என் தம்பி அந்த ஒன்பது சித்திரையும் வைக்கோல் அறையில் அடைபட்டுக் கிடந்தான். இதை எழுதும்போது எனக்கே வாய் கசக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரில் இன்றும் யாரைக் கேட்டாலும், ஊமைத் தம்பியைத் தாங்கிப் பிடித்த அண்ணன் என்று என்னைத்தான் கை காட்டுவார்கள்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூர் ஏரித் தண்ணீரில் விளையும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. மூன்று காணி நஞ்சை, ஒரு காணி மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். எனக்கு நாலு பிரெஞ்சு எழுத்து தெரிந்ததால் மேரியில், அதாவது கொம்யூன் என்கிற ஊராட்சியின் ஆபீஸில், பிறப்பு இறப்பு எழுதும் வேலை கிடைத்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு போய், கோட்டுக் கசங்காமல் திரும்பி வருவேன். நிலம் முழுக்கத் தம்பி கையில். உழவு, அண்டை வெட்டு, நாற்று, அறுப்பு, போர் போடுவது எல்லாம் அவன். அவன் விளைவித்ததை உட்கார்ந்து தின்றோம். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அது நான்தான்.

அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அவனுக்கு ஒரு பேர் உண்டு, மேரிப் புத்தகத்தில் அழகான எழுத்தில் இருக்கிறது. அந்தப் பேரை ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊமை என்பார்கள். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள் ஊமைப்பிள்ளை என்பார்கள். முப்பது வயது ஆம்பளையைப் பிள்ளை என்று சொல்வதில் என்ன இரக்கமோ தெரியவில்லை. அந்தப் பேரை நானும் இங்கே எழுதவில்லை. ஊரைக் குறை சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை.

வேலைக்கு அவனைக் கூப்பிட ஊர் தயங்கியதே இல்லை. ஏரிக்கரை உடைப்பெடுத்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும். முதலில் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள், அவன் இரண்டு ஆள் மண் சுமப்பான் என்று. ஓட்டு நாளிலும் அப்படித்தான். அவன் வயலில் இருப்பான், அவன் பேரில் ஓட்டு விழுந்துவிடும். கட்சிக்காரர்கள் மாலையில் வந்து, "உன் தம்பி ஓட்டும் ஆயிடுச்சிபா" என்று நல்ல செய்தி போலச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கெல்லாம் வாய் தேவைப்படவில்லை. நல்லேருக்கு மட்டும் தேவைப்பட்டது.

நல்லேர் என்பது வருஷத்தின் முதல் உழவு. சித்திரையில் நாள் பார்த்து, ஊர் மாடுகளை எல்லாம் குளிப்பாட்டி, கலப்பைக்கு மஞ்சள் பூசி, வீட்டுக்கு ஓர் ஏர் என்று ஊருக்குக் கிழக்கே உள்ள பொது வயலுக்கு ஓட்டிப் போவார்கள். எல்லா ஏரும் ஒரே வரிசையில் நிற்கும். எங்கள் ஊரில் இதில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையின் ஒரு முனையில் நாட்டாண்மைக்காரர் முதலில் மாட்டை அதட்டி, ஒரு சால் ஓட்டி, விளைச்சல் பெருகட்டும் என்று "பொலியோ பொலி" என உரக்கக் கூவுவார். அந்தக் குரல் அடங்கிய பிறகு அடுத்த ஏர். அது அடங்கிய பிறகு அதற்கடுத்தது. ஒருவர் குரல் மேல் இன்னொருவர் குரல் விழக் கூடாது. விழுந்தால் விளைச்சலும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து அழுகிப் போகும் என்பார்கள். ஒரு வருஷம் ஒருத்தன் அவசரப்பட்டுக் கத்திவிட்டான் என்று, அத்தனை ஏரையும் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அவ்வளவு கறார்.

பொலி சொல்ல வாய் வேண்டும். அதோடு வாய் பேசாதவன் எதிரே வந்தாலே அன்றைக்குச் சகுனம் சரியில்லை. ஆகவே அன்று விடியும் முன்பே அம்மா அவனை வைக்கோல் அறைக்குள் அனுப்பி, ஒரு சொம்பு தண்ணீரும் நாலு பணியாரமும் வைத்துவிட்டு வெளியே தாழ் போடுவாள். அவள் கெட்டவள் இல்லை. ஊருக்குப் பயந்தவள். கெட்டவர்களைவிட இந்தப் பயந்தவர்கள் செய்யும் காரியம்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது, அதில் நானும் சேர்த்தி.

நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏர் பிடிக்கப் போவேன். அவனுடைய மாடுகளுக்கு என் குரல் தெரியாது. நான் ஹை என்றால் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசை போடும். தம்பி மாட்டை ஓட்டும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு தடித்த சத்தம் போடுவான். எழுத்தில் கொண்டுவர முடியாது. முதல் தடவை கேட்பவர்கள் யாரோ கழுத்தை நெரிக்கிறார்கள் என்று நினைத்து ஓடி வருவார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் அந்த மாடுகள் நடக்கும், திரும்பும், நிற்கும். எனக்காக வருஷா வருஷம் யாராவது ஒருவர் முன்னால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது. "மேரிக்காரர் ஏர் புடிக்கலபா, ஏர் மேரிக்காரரப் புடிச்சிகினு போவுது" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கோணல் சாலாக ஒன்று ஓட்டிவிட்டுப் பொலி சொல்லி, கோயில் வாசலில் நல்லேர் பிடித்தவர்களுக்கு என்று போடும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். எனக்கு அப்போது கசக்கவில்லை. இனித்தது.

பத்தாவது வருஷம் தம்பியே கேட்டான். நல்லேருக்கு ஒரு வாரம் இருக்கும். நான் மேரியிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் கொடியில் என் வேட்டிக்குப் பக்கத்தில் அவனுடைய வேட்டி மஞ்சள் நனைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கொட்டிலுக்கு இழுத்துப் போனான். கலப்பையின் மேழி மேல் என் கையை வைத்தான். என் உள்ளங்கையைத் திருப்பித் தடவிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். பிறகு என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை அங்கே வைத்தான். கிழக்கே காட்டினான். தன் மார்பைத் தட்டிக்கொண்டான். வரிசையாக ஏர்கள் நிற்பதை விரல்களால் காட்டி, அதில் ஒரு விரலை ஆட்டிக் காட்டினான். அதுதான் அவன்.

அவன் கண்ணில் கெஞ்சல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. தன் கலப்பையைத் திருப்பிக் கேட்பவன் முகம் அது. வைக்கோல் அறைப் பக்கம் கையைக் காட்டித் தலையை ஆட்டினான், இனிமேல் அங்கே போக மாட்டேன் என்று. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஊரு வாயில வுழாதடா. ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சின்னா, ஊமை ஊரைக் கெடுத்துட்டான்னு நம்ம தலையிலதான் போடுவாங்க" என்றாள்.

எனக்கு அன்று ரோஷம் வந்தது உண்மை. நேரே நாட்டாண்மைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் எங்களுக்குப் பங்காளி முறை, பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். தம்பி இந்த வருஷம் தானே ஏர் பிடிக்க வேண்டும் என்கிறான் என்றேன். சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், ஆனால் அவர் கண் கலங்கிவிட்டார்.

"அவனும் நம்மூட்டுப் புள்ளதானேபா. அவனுக்கு மட்டும் ஆச இருக்காதா? இத்தினி வருசம் ஒதுக்கி வச்சதே பாவம். நிக்கட்டும். நான் சொன்னா ஊரு கேக்கும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்தபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஒண்ணு மட்டும்" என்றார். "அந்தக் கொரல் நல்லேருல வுழக் கூடாது. அவன் போடற சத்தம் சத்தமாபா? நீ பின்னாலயே நில்லு. அவன் சாலு ஓட்டட்டும், நீ பொலி சொல்லிடு."

சரி என்றேன். வாசல் வரை கூடவே வந்து, "அப்பறம் மேரியில அந்த ஓட்டு லிஸ்ட்டு உங்கிட்டதான் இருக்காமே, நம்ம பேருங்கள ஒரு வாட்டி பாத்துக்கோ" என்றார். அவர் அந்த வருஷம் கொம்யூன் சபைக்கு நிற்பதாகப் பேச்சு. அதற்கும் சரி என்றேன். கண்ணில் வந்த தண்ணீரின் விலை வாசலில்தான் தெரிந்தது. ஆனாலும் பெரிய காரியத்தைச் சாதித்தவன் போலக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தம்பியிடம் நீதான் ஏர் பிடிக்கப் போகிறாய் என்று காட்டினேன். அவன் என் தோளைக் குலுக்கினான். பின்னால் நான் நின்று குரல் கொடுக்கப் போவதை அவனிடம் காட்டவில்லை. காட்டுவதற்கு ஒரு சைகை போதும். அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவன் இருட்டும் முன்பே வந்து மாடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சொல்ல ஏழு நாள் இருந்தது.

நல்லேர் அன்று நடந்த கூத்தைச் சொன்னால் அசிங்கம். இத்தனை வருஷம் அவன் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டவர்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நாட்டாண்மைக்காரர் ஒரு சம்பங்கி மாலையைக் கொண்டுவந்து தம்பி கழுத்தில் போட்டார். வேறு எந்த ஏர்க்காரனுக்கும் மாலை இல்லை. பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் அவன் வாயைத் திறக்கச் சொல்லிச் சர்க்கரை போட்டார். முதுகிலும் புஜத்திலும் ஆளாளுக்குத் தட்டினார்கள், சந்தையில் மாட்டுக்குத் தட்டுகிற மாதிரி. காது கேட்காதவன் என்று தெரிந்தும் அவன் காதோரம் குனிந்து, "நல்லா ஓட்டணும், இன்னா?" என்று கத்தினார்கள். வெளியூர்க் கட்சிக்காரர் ஒருவர் வேறு வந்திருந்தார். அவரிடம் நாட்டாண்மைக்காரர் என் தம்பியைக் காட்டி, "நம்மூர்ல இந்தப் பாகுபாடெல்லாம் கெடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி மாலையைப் பார்த்தான், மற்ற ஏர்க்காரர்களின் வெறும் கழுத்தைப் பார்த்தான். கழற்றி மாட்டுக் கொம்பில் மாட்டிவிட்டுக் கலப்பையைத் தூக்கினான். அவன் அங்கே வந்தது மாலைக்கு இல்லை. பத்தோடு பதினொன்றாக நிற்க வந்தான். பாசமாகப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை.

வயலில் எங்கள் ஏருக்கு வரிசையின் கடைசியில் இடம் காட்டினார்கள். எங்களுக்கு முந்திய ஏர் பக்கத்து நிலத்துக்காரருடையது. விதைப்புக்கும் அறுப்புக்கும் தம்பியை வருஷா வருஷம் இரவல் வாங்கிக்கொள்கிறவர் அவர். அன்றைக்கு எங்கள் ஏருக்கும் தன் ஏருக்கும் நடுவில் இரண்டு ஏர் நிற்கும் அளவு இடம் விட்டுத் தள்ளி நின்றார். தம்பி அந்த இடைவெளியைப் பார்த்தான். மாட்டை நகர்த்தி, மற்றவர்கள் நின்ற மாதிரியே ஒட்டி நின்றான். அவர் தன் மாட்டை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினார். தம்பியும் தள்ளினான். அவர் மறுபடி தள்ள, அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் தள்ள, கொஞ்ச நேரத்தில் மொத்த வரிசையும் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து, மறுமுனையில் நாட்டாண்மைக்காரரின் மாடு ஒரு காலை வாய்க்காலில் வைத்துவிட்டது.

"இன்னாங்கடா அங்க?" என்று அவர் சத்தம் போட்டார்.

யாருக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். தம்பி அவரைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு நுகத்தடிகளுக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லை. அந்த ஒரு முழத்துக்காக அவன் பத்து வருஷம் காத்திருந்தான்.

பொலி தொடங்கியது. ஒவ்வொரு குரலாக எங்கள் பக்கம் வந்தது. தம்பிக்குக் கேட்காது. ஆனால் ஒவ்வொரு ஏரும் கிளம்பி நிற்பதைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் நாலடியில், வெள்ளை வேட்டியில், தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டு நின்றேன். பக்கத்து நிலத்துக்காரர் சால் ஓட்டினார், கூவினார், அடங்கினார். எங்கள் முறை.

தம்பி மேழியை அழுத்தினான். அந்தச் சத்தத்தைப் போட்டான். மாடுகள் ஓர் உலுக்கில் கிளம்பின. சால் நூல் பிடித்த மாதிரி போனது. அந்த வயலில் அன்று விழுந்த சால்களில் அது போல் இன்னொன்று இல்லை. முனையில் மாட்டை நிறுத்தி, தலையை அண்ணாந்து, எல்லோரையும் போலவே வாயைத் திறந்து அவன் கூவினான். அது பொலி இல்லை, எந்தச் சொல்லும் இல்லை. எல்லோரும் வாய் திறந்ததை அத்தனை நேரம் பார்த்து, அதே நீளத்துக்கு, அதே ஏற்றத்தில் இழுத்தான். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வரிசை மறுமுனையிலிருந்து நாட்டாண்மைக்காரர் என்னைப் பார்த்தார்.

நான் கத்தினேன். "பொலியோ பொலி" என்று கழுத்து நரம்பு புடைக்க, அவன் குரல் வெளியே தெரியாதபடி அதன் மேலேயே என் குரலைப் போட்டு அமுக்கினேன். அவன் மூச்சு முடியும் வரை நானும் விடவில்லை.

அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் கூவி முடித்த சந்தோஷத்தில் அவன் முதலில் திரும்பிப் பார்த்தது என்னைத்தான். அப்போதும் என் வாய் திறந்தே இருந்தது. அவன் என் வாயைப் பார்த்தான். என் கழுத்தைப் பார்த்தான். பிறகு வரிசையில் எல்லோர் கண்ணும் யாரைப் பார்க்கிறது என்று பார்த்தான். அவை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஏழு நாள் நான் சொல்லாததை அவன் அந்த இடத்தில் தெரிந்துகொண்டான்.

ஒரு குரல் மேல் இன்னொரு குரல் விழுந்திருந்தது. விதிப்படி அத்தனை ஏரையும் திருப்பியிருக்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அங்கே ஒரு குரல்தான் கேட்டது என்று ஊர் மொத்தமும் முடிவு செய்துவிட்டது.

"நல்ல கொரலுபா, சரியான நேரத்துக்கு வுழுந்துது" என்று நாட்டாண்மைக்காரர் என்னிடம் வந்து சொன்னார்.

தம்பி கலப்பையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னை நோக்கி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் தன் வலது உள்ளங்கையை, மண்ணும் மாட்டு எச்சிலும் அப்பிய கையை, என் வாய் மேல் வைத்து அழுத்தினான். மறு கை என் பிடரியில். மூச்சு முட்டியது. பல்லில் மண் நறநறத்தது. என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையை எடுத்தான். மாட்டை அவிழ்த்துக்கொண்டு, ஏர்களுக்கு நடுவே புகுந்து, எங்கள் சொந்த வயல் பக்கம் போய்விட்டான்.

கூட்டத்தில் ஒரு கிழவர், "பாத்தியா, பேச வாயில்ல, அண்ணன் வாயத் தொட்டு நன்றி சொல்லிட்டுப் போறான்" என்றார். பெண்கள் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியூர்க் கட்சிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது நன்றி இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வாயில் மண் இருந்தது என்று சாக்குச் சொல்ல மாட்டேன், அதை அப்போதே துப்பிவிட்டிருந்தேன்.

அதன் பிறகு அவன் வருஷம் முழுக்க உழுதான், நல்லேரைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. அடுத்த தலைமுறைக்கு அந்தக் கதை வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. நல்ல அண்ணனுக்கு உதாரணம் சொல்ல என்னைத்தான் இழுத்தார்கள்.

அந்த நல்லேர் அன்று மத்தியானம் கோயில் வாசலில் முதல் பந்தி போட்டார்கள். நல்லேர் பிடித்தவர்களுக்கு என்று இலை விரித்தார்கள். தம்பி வரவில்லை. "அவன் வராட்டி இன்னா, அவனுக்கும் சேத்து நீ உக்காருபா" என்று நாட்டாண்மைக்காரர் தனக்குப் பக்கத்து இலையைக் காட்டினார். உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.